எலிக்கு அளந்த மருந்து



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவார்கள், அல்லது சமயம் பேசுவார்கள். தேனீயையும் பூச்சிமருந்தையும் பேசவா ஒருவனை அழைத்து மாலை போட்டார்கள் என்று பின்வரிசையில் யாராவது நினைத்தால் தப்பில்லை. ஆனால் மலாக்கா மாநிலத்துச் செலண்டாரில் இதைப் பேசாமல் வேறு எங்கே பேசுவது? இங்கே வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் கெலுலுட் தேனீக் கூடுள்ள கட்டை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. அதற்கப்பால் யாரோ குத்தகைக்கு எடுத்துப் பாகற்காயும் வெள்ளரியும் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் காற்று மட்டும்தான் இருக்கிறது. கெலுலுட் வைத்திருப்பவரின் கவலை அந்தக் காற்றைப் பற்றியது.

கெலுலுட் என்று மலாய்ப் பெயரால் நாம் சொல்வது தமிழ்நாட்டில் கொசுத்தேனீ. கொட்டாது. அதனால்தான் பேரப்பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தில்கூட அதை வைக்க முடிகிறது. தேனுக்கு அறைகள் கொண்ட அடை கட்டாமல், மரப்பிசினும் மெழுகும் குழைத்துச் சின்னச் சின்னப் பானைகள் செய்து, அவற்றில் புளிப்பேறிய தேனைச் சேர்க்கும். அந்தத் தேனுக்கு 2017இல் மலேசியா தனித் தரநிலையே வெளியிட்டது. ஆக, பொழுதுபோக்காகத் தொடங்கியது இன்று தொழில்.

இந்தப் பூச்சியிடம் இரண்டு குணங்கள் உண்டு. இன்று நான் பேசப்போவதெல்லாம் அவற்றின்மேல்தான் நிற்கிறது. ஒன்று, அது தூரம் போகாது. சில நூறு மீட்டருக்குள்தான் அதன் உலகம். பக்கத்துத் தோட்டத்தில் என்ன பூத்ததோ அதுதான் சாப்பாடு, என்ன தெளித்தார்களோ அதுவும் சாப்பாடு. இரண்டு, அதன் ராணி முட்டையிடத் தொடங்கிய பிறகு பறக்க முடியாது. வயிறு பெருத்து, கூட்டுக்குள்ளேயே வாழ்ந்து சாகும். மலைத்தேனீ இடம் பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும். நம் நாட்டு அடுக்குத் தேனீயும் பெட்டியைக் காலி செய்துகொண்டு போய்விடும். கெலுலுட் கூட்டம் அப்படிக் கிளம்ப முடியாது. இருந்த இடத்தில் இருந்தே தீர வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மருந்து பட்டால் எப்படித் தெரியும்? பெட்டித் தேனீ என்றால் வாசலில் குவியலாகச் செத்துக் கிடக்கும், நாக்கு நீண்டபடி, சில இன்னும் நடுங்கிக்கொண்டு. கெலுலுட்டில் பெரும்பாலும் அந்தப் பிணங்கூடக் கிடைப்பதில்லை. போனது திரும்பாது, அவ்வளவுதான். மெழுகுக் குழாய் வாசலில் காவலுக்கு நிற்கும் தேனீக்கள் நாளுக்கு நாள் குறையும். எறும்பு உள்ளே ஏறும். வளர்ப்பவர் இரண்டு வாரம் கழித்துக் கட்டையைத் திறந்து பார்த்து, ‘ஏதோ நோய்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை வாங்கப் போவார். பக்கத்தில் எந்தத் தேதியில் என்ன தெளித்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெளித்தவருக்கோ, அங்கே ஒரு கட்டை இருப்பதே தெரியாது.

தேனீயின் கவலை நமக்கெதற்கு, தோட்டத்துக்குத் தேனீ எந்த நாளில் வேலை செய்தது என்று கேட்பவர்களுக்காகத் தோட்டத்துக் கதை ஒன்று. செம்பனை ஆப்பிரிக்க மரம். இங்கே கொண்டுவந்து நட்டபோது அதற்கு மகரந்தம் சேர்க்கிற ஆப்பிரிக்கப் பூச்சியை யாரும் கூடவே கொண்டுவரவில்லை. காய் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் ஆண்பூவின் மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து, ஒவ்வொரு பெண்பூங்கொத்தாகத் தேடிப் போய் ஆட்களே தூவினார்கள். இளஞ்செம்பனைக் காட்டில் அந்த வேலை பார்த்த பெண்கள் இன்னும் நம்மிடையே இருக்கக்கூடும். 1981இல் கேமரூனிலிருந்து எலைடோபியஸ் என்ற மூக்குவண்டைக் கொண்டுவந்து ஜொகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் விட்டார்கள். பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் செய்த ஆய்வின் பலன் அது. வண்டு பெருகியது, காய் பிடித்தது, பவுடர் தூவும் வேலை நின்றது. ஒரு பூச்சியின் உழைப்புக்கு என்ன விலை என்று இந்த நாட்டின் செம்பனைத் தொழில் தன் சொந்தக் கணக்குப் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகும் பூச்சி என்றாலே தெளிக்க வேண்டியது என்ற எண்ணம் போகவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

பால்மரத்தின் கதை இன்னும் இனிப்பானது. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தோட்டமாக ரப்பர் நட்டது இதே மலாக்கா மாநிலத்தில்தான். பிறகு அவர் பெரிய அளவில் நட்டது நமக்குப் பக்கத்திலிருக்கும் புக்கிட் ஆசாகானில். கித்தாக் காட்டிலேயே வாழ்நாளைக் கழித்த நம் மூதாதையரில் எத்தனை பேர் அந்த மரத்தின் தேனைக் கவனித்திருப்பார்கள்? இலை உதிர்ந்து புதுத்துளிர் வரும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேருகிற இடத்தில் சிறு சுரப்பிகள் தேன் சுரக்கும். பூவிலிருந்து வராத தேன் அது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் இதை வைத்து ஒரு தொழிலே நிற்கிறது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹேட்ச் அங்கே கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் ரப்பர் துளிர்க்கும் மாதங்களில் பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதே துளிர்ப் பருவத்தில்தான் சாம்பல்நோய்க்குக் கந்தகம் தூவுவதும் வருகிறது. கந்தகம் தேனீக்குப் பெரிய நஞ்சில்லை, அது ஒரு அதிர்ஷ்டம். ஆனால் தோட்டத்தின் நாள்காட்டியும் தேனீயின் நாள்காட்டியும் ஒரே பக்கத்தில் வந்து மோதுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். மலேசியாவில் பூச்சிமருந்துச் சட்டம் 1974இல் வந்தது. அதன்கீழ் பூச்சிமருந்து வாரியம் இருக்கிறது. வாரியத்தில் பதிவாகாத மருந்தை விற்க முடியாது. பதிவாகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நச்சு வகுப்பு உண்டு. கேட்க ஒழுங்காக இருக்கிறதல்லவா? அந்த வகுப்பை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். உலகெங்கும் உள்ள வழக்கப்படி, முதன்மையாக, எத்தனை மில்லிகிராம் கொடுத்தால் சோதனை எலிகளில் பாதி சாகும் என்பதை வைத்து. மனிதன் தவறிக் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கான மதிப்பீடு அது. மனிதனுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கடையில் நிற்கும் விவசாயி அந்த வகுப்பைத்தான் ‘இது கடுமையான மருந்து, இது லேசான மருந்து’ என்று வாசிக்கிறார்.

இமிடாகுளோப்ரிட் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். காய்கறிப் பாத்திகளில் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் இது பழக்கமானது. எலிக்கு இதன் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 450 மில்லிகிராம். நடுத்தர நஞ்சு என்ற வரிசையில் வரும். தேனீக்கு? ஒரு தேனீக்கு வாய்வழியே சுமார் 4 நானோகிராம். ஒரே ஒரு கிராம் மருந்தை அந்த அளவாகப் பங்கிட்டால் 25 கோடி தேனீக்களுக்குப் பங்கு கிடைக்கும், அவற்றில் பாதி செத்துப்போகும். சாகாத பாதிக்கும் வழி மறக்கும், துழாவித் திரியும் வேகம் குறையும். எலிக்கு அளந்து தைத்த சட்டையைத் தேனீக்குப் போட்டால் இப்படித்தான் இருக்கும்.

தேனீக்கென்று சோதனையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பல நாடுகள் ஏற்றுக்கொண்ட சோதனை முறையை 1998இல் வகுத்தார்கள், வாய்வழி ஒன்று, உடலில் படுவது ஒன்று. ஆனால் அது மேலைநாட்டுத் தேனீயை வைத்துச் செய்வது. வளர்ந்த வேலைக்காரத் தேனீக்கு ஒருமுறை கொடுத்து, இரண்டு நாள், தேவைப்பட்டால் நான்கு நாள் பார்ப்பார்கள். நம் கெலுலுட் அதைவிட எத்தனையோ சிறியது. பிசின் சேர்க்கிறது, அதனால் இலையில் படிந்த மருந்தும் அதன் காலில் ஒட்டும். தன் பானைகளில் மகரந்தத்தை நொதிக்க வைக்கிறது. அந்தப் பானைக்குள் வாரக்கணக்கில் தங்கும் மருந்து அதன் குஞ்சை என்ன செய்யும் என்பதை அந்தச் சோதனை கேட்பதே இல்லை. சட்டத்தின்மேல் தேனீ வளர்ப்போருக்கு இருக்கிற குறை இதுதான்: தடை போதவில்லை என்பதைவிட, அளவுகோலே வேறொரு உடலுக்கானது என்பது.

இந்தக் குறையை முதலில் உரக்கச் சொன்னவர்கள் பிரான்சின் தேனீ வளர்ப்போர். 1990களின் நடுவில் சூரியகாந்தி வயலுக்குப் போன தேனீக்கள் திரும்பவில்லை. விதையிலேயே மருந்து பூசி விதைத்த ‘கௌச்சோ’மேல் சந்தேகம் விழுந்தது. அதிலிருந்ததும் இதே இமிடாகுளோப்ரிட்தான். 1999இல் பிரான்சு அதைச் சூரியகாந்திக்கு நிறுத்தியது. 2008இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் சோள விதையில் பூசிய மருந்து விதைப்பு இயந்திரத்திலிருந்து தூசியாகப் பறந்து, 11,000க்கும் மேற்பட்ட கூட்டங்களைப் பாதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இந்த வகை மருந்துகள் மூன்றைத் தேனீ நாடும் பயிர்களில் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்தவெளியில் முற்றாகத் தடுத்தது. அதன்பிறகும் நாடுகள் ‘அவசர அனுமதி’ என்று கதவைத் திறந்து வைத்திருந்தன. 2023இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதற்கும் தடை சொல்ல வேண்டியிருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு. இத்தனையும், தேனீ வளர்ப்போர் சங்கங்கள் எண்ணிக்கையோடு வாதாடுகிற நாடுகளில்.

இடையில் ஒரு வேடிக்கையான கதை, கிட்டத்தட்ட நம் ஊர்க் கதை. 1981இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக், லாவோசிலும் கம்போடியாவிலும் ‘மஞ்சள் மழை’ என்ற நச்சு ஆயுதம் பொழிகிறது என்று சோவியத் தரப்பைக் குற்றம்சாட்டினார். இலைகளில் மஞ்சள் பொட்டுகள் இருந்தன. உலகமே பரபரத்தது. ஹார்வர்டின் மாத்யூ மெசல்சன் பார்த்துவிட்டு, பொட்டுகளில் இருப்பது மகரந்தம், இது மலைத்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து போடும் எச்சம் என்றார். அந்தத் தேனீக்கள் ஏன் அப்படிச் செய்கின்றன என்பதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் புத்ரா பல்கலைக்கழகத்தின் மக்ஸீர் மர்டான். வெப்பம் ஏறும்போது உடல் எடையைக் குறைத்துக் குளிர்ந்துகொள்ளவே என்று அவரும் பீட்டர் கெவனும் 1989இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தேனீயின் எச்சத்தை நஞ்சென்று நினைத்தபோது ஆய்வுக்கூடங்கள் இரவுபகலாக வேலை செய்தன. நிஜமான நஞ்சு தேனீமேல் விழும்போது ஒரு மாதிரியை எடுத்து அனுப்பக்கூட நம் வட்டாரத்தில் ஏற்பாடில்லை.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். இந்த மண்ணில் மருந்தின் கணக்கு தேனீயிடம் தொடங்கவில்லை, மருந்தடித்த பெண்களிடம் தொடங்கியது. பழைய காலத்தில் கித்தாத் தோட்டங்களில் லாலான் புல்லுக்கு சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். உப்புச்சுவைக்காகப் புல்லை நக்கிய மாடுகள் செத்தன. 1960களில் அதற்குப் பதிலாக பாராகுவாட் வந்தது. கிராமோக்சோன் என்றால் இங்குள்ள பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். மாற்றுமருந்தே கிடையாத நஞ்சு. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும் காட்டுக்குள் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தமிழர். மூக்கில் ரத்தம், நகம் கழன்று விழுவது, கண் எரிச்சல், தோல் வெந்து போவது, இதெல்லாம் வீட்டுக்குள் பேசப்பட்டது, தோட்டத்து மருந்தாளரான டிரெசரின் அறையில் ஒரு களிம்போடு முடிந்தது. முகக்கவசமும் கையுறையும் கொடுத்தால் போதும் என்று விதி சொன்னது. இந்த வெயிலில் அதை மாட்டிக்கொண்டு அரைநாள் நடக்க முடியுமா என்று விதியை எழுதியவர்கள் நடந்து பார்த்ததில்லை. அங்கேயும் அளவுகோல் வேறொரு உடலுக்கானதுதான்.

ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் தெனாகனித்தா அமைப்பும், பினாங்கிலிருந்து இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிமருந்து நடவடிக்கை வலைப்பின்னலும் சேர்ந்து அந்தப் பெண்களின் உடலில் நடந்ததை எழுதி வைத்து, 2002இல் அறிக்கையாக வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. மலிவான களைக்கொல்லி இல்லாவிட்டால் செம்பனை என்னாவது என்ற வாதம் வென்றது. இத்தனைக்கும் சுவிட்சர்லாந்து 1989லேயே அதைத் தடுத்துவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் அதன் அனுமதியை ரத்து செய்த பிறகும், ஐரோப்பாவில் செய்து வெளியே விற்பது நிற்கவில்லை. மலேசியாவில் முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1இல். முதல் அறிவிப்புக்கும் முழுத்தடைக்கும் இடையில் ஒரு பிள்ளை பிறந்து படிவம் ஐந்து முடித்திருக்கும்.

இதை நினைவுபடுத்துவது பழங்கதை பேச அல்ல. ஆய்வுக்கூடத்தில் பாராகுவாட் எப்போதும் கொடிய நஞ்சாகத்தான் இருந்தது. நிலையை அசைத்தது, தோட்டத்தில் நடந்ததை யாரோ உட்கார்ந்து எழுதியது. 2023 மே முதல் குளோர்பைரிபாஸும் கார்போபியூரானும் இந்த நாட்டு விவசாயத்தில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. இரண்டுமே தேனீக்கு மிகக் கொடியவை. ஆனால் அவற்றை நீக்கியதற்கு முதன்மைக் காரணம் மனித உடல்நலம். தேனீக்கு அது இலவசமாகக் கிடைத்த நன்மை. எனக்குத் தெரிந்தவரை, தேனீக்காக என்று ஒரு மருந்து இங்கே இன்னும் நிறுத்தப்படவில்லை. 2016 பிப்ரவரியில், உலக நாடுகள் மகரந்தச் சேர்க்கை பற்றிய முதல் பெரிய மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டது கோலாலம்பூரில் கூடித்தான், தலைமை வகித்தவர் மலேசிய அறிஞர் ஸக்ரி அப்துல் ஹமீட். தலைநகரில் ஏற்கப்பட்ட அறிவு நம் வேலிவரை வந்து சேரவில்லை.

களைக்கொல்லியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பூச்சிமருந்துதானே தேனீயைக் கொல்லும், களைக்கொல்லிக்கு என்ன என்று கேட்கிறார்கள். செம்பனை வரிசைக்கிடையில் ‘ரும்புட் இஸ்ரேல்’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் வெளிர்நிறப் பூச்செடியும், தொட்டாற்சிணுங்கியும் படர்ந்து கிடக்கும். தோட்டத்துக்கு அவை களை. கெலுலுட்டுக்கும் அடுக்குத் தேனீக்கும் அவைதான் அன்றாடச் சோறு. கிளைபோசேட் அடித்த மறுவாரம் அந்தச் சோறு காய்ந்து கிடக்கும். அதோடு, அந்த மருந்து தேனீயின் குடலில் இருக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் குலைக்கிறது என்று 2018இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மறுபக்கம், தோட்டங்களே சாலையோரத்தில் இளஞ்சிவப்புக் கொத்துக் கொடியையும், காலை எட்டு மணி வாக்கில் விரியும் டர்னெரா பூச்செடியையும் நடுகின்றன. பைப்புழுவைத் தின்னும் குளவிகளை வரவழைக்க. அந்தப் பூ குளவியை மட்டும் கூப்பிடுவதில்லை. தேனீயும் வருகிறது. பூவை நட்டு வரவழைத்துவிட்டு, பக்கத்து இளஞ்செம்பனைக் குருத்தில் காண்டாமிருக வண்டுக்குக் காலை நேரத்தில் சைபர்மெத்ரின் அடிப்பது என்ன நியாயம்?

காலை நேரம் என்று சொன்னேன். அங்கேதான் இன்றே செய்யக்கூடிய காரியம் இருக்கிறது. கெலுலுட் வெயில் ஏறியதும் கிளம்பி நண்பகலுக்குள் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். தோட்டத்து வேலையும் அதே மணிக்குத்தான். வெள்ளரிப் பூவும் காலையில்தான் விரிகிறது. பூச்சிமருந்தை மட்டுமாவது பிற்பகலுக்குத் தள்ளினால் நேரடியாக மேலே படுவதில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும். பிற்பகல் மழை மருந்தைக் கழுவிவிடும் என்பார்கள். உண்மைதான், இந்த ஊர் மழை அப்படி. அதனால்தான் இதைச் சட்டம்போட்டுத் திணிக்க முடியாது, பக்கத்துக்காரர் பக்கத்துக்காரரிடம் பேசித்தான் சாதிக்க வேண்டும். முந்தினநாள் சாயங்காலம் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால், கட்டையின் வாசலை இரவிலேயே காற்றுப் போகும் வலையால் மூடி, அரைநாள் காப்பாற்றிவிடலாம்.

இன்னொன்று. பூச்சிமருந்து டின்களில் தமிழிலும் எச்சரிக்கை அச்சிட்டிருப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். ஒருகாலத்தில் தெளித்தவர்கள் தமிழர் என்பதற்கு அது சாட்சி. இன்று பம்பைத் தூக்குபவர் வங்காளதேசத்திலிருந்தோ லோம்போக்கிலிருந்தோ வந்தவர். அவர் மொழியில் அங்கே ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம். நம் அம்மாக்களுக்கு நடந்தது அவருக்கு நடந்தால் அதை யார் எழுதுவார்கள்? தேனீக்காகப் பேசும்போது அவரை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. காற்றில் வரும் மருந்து இருவர்மேலும்தான் படுகிறது.

தேனீ வளர்ப்போரிடம் ஒரு வேண்டுகோள். கூடு செத்தால் ‘ஏதோ நோய்’ என்று விடாதீர்கள். தேதி, நேரம், காற்றடித்த திசை, பக்கத்தில் யார் என்ன வேலை செய்தார்கள், எத்தனை கட்டை பாதிப்பு, இவற்றைக் குறித்து வையுங்கள். செத்த தேனீ கிடைத்தால் சுத்தமான புட்டியில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைகூண்டில் வையுங்கள், வெயிலில் விட்டால் மருந்தின் தடயம் சிதைந்துவிடும். படம் எடுங்கள். ஜாசின் மாவட்ட விவசாய அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புகார் காணாமல் போகலாம். ஒரே பருவத்தில் செலண்டாரிலிருந்தும் நியாலாஸிலிருந்தும் ஒரே மாதிரியான படிவத்தில் பல புகார்கள் போனால் அவற்றைத் தொலைப்பது கடினம்.

அறக்கட்டளையினரிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சொற்பொழிவை நூலாக அச்சிடுவதாகச் சொன்னார்கள், நன்றி. அதன் பின்பக்கங்களில் அந்தப் படிவத்தைத் தமிழிலும் மலாயிலும் அச்சிட்டு, கிழித்தெடுக்க வசதியாகத் துளைக்கோடு போட்டுத் தாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருகிறவருக்கு ஐரோப்பாவின் எண்களைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது, ஜாசின் மாவட்டத்தின் எண்களே கையில் இருக்கும்.